கூகுள் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால்

2025 ஜூன் 30ஆம் தேதி தொடங்கிய ஒரு கோர் அப்டேட் (தேடல் தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றம்), அமெரிக்க நேரப்படி ஜூலை 17இல் முடிந்துவிட்டதாகக் கூகுள் அறிவித்தது. அன்றுதான் ஆடியும் பிறந்தது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கல்யாண மாலை கட்டித் தருபவர், பிரிக்பீல்ட்ஸில் மணப்பெண் அலங்காரம் செய்பவர், செந்தூலில் நாதஸ்வரம் மேளம் ஏற்பாடு செய்பவர் என்று யாராக இருந்தாலும், அந்த வாரத்திலிருந்து இணையப் பக்கத்துக்கு ஆள்வரத்து குறைந்திருந்தால் முதலில் நினைக்க வேண்டியது ஆடியைத்தான். நம்மவர்கள் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் வாட்சாப் குழுவுக்கு வந்து சேரும் செய்தியில் ஆடிக்கு இடம் இருக்காது. சின்னக் கடைகளைக் கூகுள் கீழே தள்ளிவிட்டது, உடனே சரிசெய்யாவிட்டால் தீபாவளிக்குத் தேடலில் உங்கள் கடையே இருக்காது என்றுதான் இருக்கும். ஓரிரு நாளில் யாரோ ஒருவர் கூப்பிட்டு, “அண்ணே, உங்க வெப்சைட்ட பார்த்தேன். அப்டேட்ல நல்லா அடி வாங்கியிருக்கு” என்பார்.

அந்த நேரத்தில் பதறிப்போய்ப் பணம் கட்டக் கூடாது. உண்மையாகவே அடி விழுந்திருந்தால் அதைக் கவனிக்காமலும் விடக் கூடாது. வதந்தியையும் உண்மையான அடியையும் பிரித்தறிய கணினி அறிவு பெரிதாக வேண்டியதில்லை. தேதிகளைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

பஞ்சாங்கத்தை முதலில் எடுங்கள்

கூகுளின் பெரிய மாற்றங்கள் வந்த தேதிகளை நம் நாள்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 15இல் ஒரு கோர் அப்டேட் தொடங்கியது. இரண்டே நாளில் ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் ஆரம்பித்தன. அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 31. அடுத்த அப்டேட் நவம்பர் 11இல் தொடங்கி டிசம்பர் 5இல் முடிந்தது. அக்டோபர் எண்ணையும் நவம்பர் எண்ணையும் ஒரு புடவைக் கடை ஒப்பிட்டுப் பார்த்தால் சரிவு பயங்கரமாகத்தான் தெரியும். தீபாவளி முடிந்த கையோடு புடவை தேடுபவர்கள் எத்தனை பேர்? டிசம்பர் 12இல் இன்னொன்று தொடங்கி 18இல் முடிந்தது. நடுவே 16ஆம் தேதி மார்கழி. 2025 டிசம்பரில் 11 முதல் 29 வரை ஒரு அப்டேட். அப்போதும் 16இல் மார்கழி பிறந்தது. 2025 மார்ச் 13 முதல் 27 வரை நடந்த அப்டேட், நோன்பு மாதத்துக்குள் விழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் மதிய வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்கு நோன்பு மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அலுவலகத்திலிருந்து கூட்டமாக வருபவர்களில் மலாய் நண்பர்கள் இருக்கமாட்டார்கள். அந்தக் கூட்டமே வேறு நாளுக்குத் தள்ளிப்போகும்.

இவையெல்லாம் தற்செயல்தான். கூகுள் பஞ்சாங்கம் பார்த்து அப்டேட் விடுவதில்லை. ஆனால் ஆண்டுக்கு மூன்று நான்கு பெரிய அப்டேட்கள், ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீளும் என்றால், நமக்கிருக்கும் பண்டிகைகளுக்கும் விலக்கு மாதங்களுக்கும் இடையில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழியே இல்லை. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வரைபடத்தைப் பார்த்துக் காரணம் சொல்பவருக்கு ஆடியும் தெரியாது, புரட்டாசியும் தெரியாது. அந்த விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி கூட அவருக்குத் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் ஒரே மாதிரி சரிவு வராது. மாலை, மேக்கப், வாடகைக் கார் போன்றவற்றைக் கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால்தான் தேடுவார்கள். ஆடி அங்கே உடனே தெரியும். மண்டபத்தைப் பல மாதம் முன்னாலேயே பிடித்துவிடுகிறார்கள். ஆடியில் உட்கார்ந்து தை மாதத்துக்கு மண்டபம் தேடும் குடும்பங்கள் உண்டு. ஆகவே மண்டபக்காரர் ஒருவருக்கு ஆடியில் விழுந்தால் அதை ஆடியின் தலையில் போட்டுவிட முடியாது. அவர் மேற்கொண்டு பார்த்துத்தான் ஆக வேண்டும். உங்கள் தொழிலில் வாடிக்கையாளர் எத்தனை வாரம் முன்னால் தேடுகிறார் என்பதை உங்கள் கல்லாப் பெட்டியும் முன்பதிவு நோட்டும் சொல்லும்.

ஒப்பிடுவதற்கும் முறை இருக்கிறது. போன ஆண்டின் இதே தேதியோடு ஒப்பிடுவது கோர் அப்டேட் வதந்திகளில் அதிகம் நடக்கும் பிழை. தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. தைப்பூசம் 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் பண்டிகைக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் மோதும். எப்போதும் ஏதோ ஒன்று விழுந்ததாகவே தெரியும். உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் இரண்டு காலத்தை நீங்களே குறித்து ஒப்பிடலாம். தீபாவளிக்கு முந்தைய எட்டு வாரம் வேண்டுமென்றால், 2025 ஆகஸ்ட் 25 முதல் அக்டோபர் 19 வரையும் 2024 செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 30 வரையும் எடுக்க வேண்டும். ஆடி, மார்கழி, புரட்டாசி சூரியக் கணக்கில் வருவதால் அவை ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே தேதியில் விழும். அவற்றுக்கு இந்தச் சிரமம் இல்லை. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும் என்பதால் மாதம் ஒரு முறை அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் நாள் கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி ஓடுகிறது. நாம் 15 அல்லது 16 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். தீபாவளி காலையில் கோலாலம்பூரில் நடந்த தேடல்கள் முந்தின நாளில் போய் உட்கார்ந்திருக்கும்.

யார் சொன்னது என்று கேளுங்கள்

கூகுள் தன் தேடலை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2022இல் மட்டும் 4,700க்கும் மேற்பட்ட மாற்றங்களைச் செய்ததாக அதுவே சொல்லியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல். ஆகவே ‘கூகுள் ஏதோ மாற்றியிருக்கிறது’ என்று எந்த நாளில் யார் சொன்னாலும் அது உண்மையாகத்தான் இருக்கும். அதனாலேயே அந்தச் சொல்லுக்குப் பயன் இல்லை. எந்த மாற்றம், எந்த வகைத் தேடலில், எந்தத் தேதியில் என்பதுதான் கேள்வி.

பெரிய மாற்றங்களைக் கூகுள் தன்னுடைய சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்ட் என்ற பக்கத்தில் தொடங்கிய தேதி, முடிந்த தேதியோடு போடுகிறது. இலவசம், யாரும் பார்க்கலாம். செய்தி காதில் விழுந்ததும் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அங்கே இருந்தால் அறிவிக்கப்பட்டது. இல்லையென்றால், அளவிடும் கருவிகளை வைத்துச் சிலர் கணித்ததாக இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒருவர் தன் ஒரு தளத்தைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே மரியாதை கொடுக்கக் கூடாது.

பெயர் சூட்டப்பட்டிருப்பதாலேயே ஒன்றை நம்பிவிடவும் கூடாது. 2011 பிப்ரவரியில் வந்த மாற்றத்தை வெளியே இருந்தவர்கள் ‘ஃபார்மர்’ என்றார்கள். கூகுளுக்குள் அதற்குத் தங்கள் பொறியாளர் ஒருவரின் பெயரை வைத்து ‘பாண்டா’ என்று பெயர் இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2017 மார்ச்சில் ‘ஃபிரெட்’ என்ற பெயர் பரவியது. அறிவிக்காத எல்லா அப்டேட்டுக்கும் ஃபிரெட் என்று பெயர் வைத்துவிடலாம் என்று கூகுள் ஊழியர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதில் பிறந்த பெயர் அது. அதை வைத்து ‘ஃபிரெட்டிலிருந்து மீள்வது எப்படி’ என்ற சேவைகள்கூடக் கிளம்பின. 2018 ஆகஸ்டில் வந்ததை ‘மெடிக்’ என்றார்கள், மருத்துவத் தளங்கள் அதிகம் ஆடியதால். கூகுள் அதைப் பொதுவான கோர் அப்டேட் என்றே சொன்னது. 2015 ஏப்ரல் 21இல் கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை தரப்போவதாக இரண்டு மாதம் முன்னரே அறிவித்தார்கள். அந்த நாளுக்கு ஊழிக்கால அச்சத்தோடு ‘மொபைல்கெடான்’ என்று பெயர் சூட்டப்பட்டது. வந்து போன மாற்றம் அந்தப் பெயர் எழுப்பிய பயத்தின் அளவுக்கு இல்லை. ஆனால் அறிவிப்பை நம்பித் தன் தளத்தைக் கைப்பேசிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டவர்கள் இன்றுவரை பலன் அனுபவிக்கிறார்கள்.

வெளியே இருப்பவர்களின் கணிப்பு எல்லாம் வெறும் புரளி என்றும் எண்ண வேண்டாம். 2021 நவம்பர் கடைசியில் கூகுள் வரைபடத் தேடலில் ஏதோ பெரிதாக அசைந்துவிட்டது என்று உள்ளூர்த் தேடலைக் கவனிப்பவர்கள்தான் முதலில் கூவினார்கள். அவர்கள் அதற்கு ‘விசினிட்டி’ என்று பெயரும் வைத்தார்கள். நவம்பர் 30 முதல் டிசம்பர் 8 வரை மாற்றம் நடந்ததைக் கூகுள் பிறகு உறுதிப்படுத்தியது. அவர்கள் சொன்னதற்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், பல ஊர்களில் பல கடைகளை முன்னும் பின்னும் அளந்து வைத்திருந்தார்கள்.

2024 மே மாதத்தில் கூகுளின் உள் ஆவணங்கள் வெளியே கசிந்தன. 14,000க்கும் அதிகமான அம்சங்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஆவணம் தன்னுடையதுதான் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. ஆனால் சூழல் தெரியாமல் முடிவு கட்டாதீர்கள் என்றது. பெயர் இருந்ததே தவிர, எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை, எது இப்போது பயன்பாட்டில் இருக்கிறது என்ற விவரம் அதில் இல்லை. அதற்குள் ‘ரகசியம் வெளியாகிவிட்டது’ என்று சொல்லி விற்பவர்கள் வந்துவிட்டார்கள். உப்பு, புளி, மிளகாய் என்று பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் குழம்பின் ருசியை உங்களுக்கு விற்க முடியாது.

அளவுகோலே மாறும்போது

2025 செப்டம்பரை இந்த நூலில் தனியாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு குழப்பமான மாதம் அது. ஆகஸ்ட் 26இல் தொடங்கிய ஸ்பாம் அப்டேட் (ஏமாற்று உத்திகளுக்கு எதிரானது) செப்டம்பர் 22 வரை நடந்தது. செப்டம்பர் 17இல் புரட்டாசி பிறந்தது. கிள்ளானில் ஆட்டுக்கறி, கோழி என்று விற்கும் கடைகளுக்கும் கேட்டரிங் செய்பவர்களுக்கும் அது மந்தமான மாதம். இவற்றுக்கு நடுவே, ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதியைக் கூகுள் சத்தமில்லாமல் நிறுத்தியது. அந்த மாதம் சர்ச் கன்சோலைத் திறந்த பலருக்கு ‘இம்ப்ரெஷன்’ எண், அதாவது தேடலில் தளம் எத்தனை முறை தோன்றியது என்ற கணக்கு, சட்டென்று சரிந்திருந்தது.

விளக்கம் இப்படி: தரவரிசை பார்க்கும் கருவிகள் அந்த வசதியைப் பயன்படுத்தி ஒரே மூச்சில் 100 முடிவுகளை இழுத்துப் பார்த்துவந்தன. 70ஆம் இடத்தில் கிடந்த உங்கள் பக்கமும் ‘தோன்றியதாக’ அதில் எண்ணப்பட்டது, மனிதர் யாரும் அங்கே வரை போகாவிட்டாலும். வசதி நின்றதும் அந்தப் பொய்த் தோற்றங்கள் மறைந்தன. ஆகவே இம்ப்ரெஷன் குறைந்தது, சராசரி இடம் மேலே ஏறியது, கிளிக் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. இதுவும் கூகுள் தன் வாயால் சொன்ன காரணம் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; தேதியும் எண்களின் போக்கும் பொருந்துவதால் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். நான் ஏற்பதும் அதனால்தான்.

இதிலிருந்து கிடைக்கும் பழக்கம் எளிது. இம்ப்ரெஷனை மட்டும் பார்த்து யாராவது அச்சுறுத்தினால், கிளிக்கைப் பாருங்கள். கிளிக்கும் குறைந்திருந்தால், கடைக்கு வந்த தொலைபேசி அழைப்பையும் வாட்சாப் விசாரிப்பையும் பாருங்கள். மூன்றும் ஒன்றாகக் குறைந்தால்தான் பேச்சு. தேடல் முடிவுகள் எவ்வளவு ஆடுகின்றன என்று காட்டும் மோஸ்காஸ்ட் போன்ற ‘தட்பவெப்ப’ அளவிகள் பெரும்பாலும் அமெரிக்கத் தேடல்களைப் பார்ப்பவை. அங்கே புயல் என்றால் கிள்ளானிலும் மழை என்று அர்த்தம் இல்லை.

வேறு சிலருக்குக் கூகுளின் தரவரிசை மாறவே இல்லை. அவர்கள் நின்றிருந்த இடமே எடுக்கப்பட்டுவிட்டது. கூகுள் வணிக விவரப் பக்கத்திலிருந்தே இலவசமாக ஒரு சிறு இணையதளம் அமைத்துக்கொள்ளும் வசதி முன்பு இருந்தது. நம் சிறுகடைகள் பலவற்றுக்கு அதுதான் ஒரே தளம். 2024 மார்ச்சில் கூகுள் அவற்றை மூடியது; ஜூன் 10 வரை அந்த முகவரிகளைக் கடையின் வரைபடப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, அதன்பின் அதுவும் நின்றது. அதே மார்ச் 5இல்தான் 45 நாள் நீண்ட ஒரு பெரிய கோர் அப்டேட்டும் தொடங்கியது. தளம் மூடப்பட்டதற்கு அப்டேட்டிலிருந்து மீட்கும் கட்டணம் வாங்குவது அநியாயம். அதனால் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் உங்கள் முகவரியைக் கைப்பேசியில் தட்டிப் பாருங்கள். திறக்கிறதா, டொமைன் காலாவதியாகிவிட்டதா, தொலைபேசி எண் சரியா, பொது விடுமுறையன்று ‘மூடியிருக்கிறது’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். சரிவுக்கான காரணம் பல முறை இங்கேயே கிடைத்துவிடும்.

வரைபடத்தில் உங்கள் இடம்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைக்காரர்களுக்கு இணையதளத்தைவிட வரைபடத்தில் வரும் மூன்று கடைப் பட்டியல்தான் முக்கியம். அங்கே இடம் கிடைப்பதற்குப் பொருத்தம், தூரம், கடையின் பெயர்பெற்ற தன்மை என்ற மூன்றைக் கூகுள் வெளிப்படையாகவே சொல்கிறது. தூரம் என்பது தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து. கடைக்குள் உட்கார்ந்து தேடினால் உங்கள் கடை முதலில் வரத்தான் செய்யும். கே.எல். சென்ட்ரலில் நிற்பவருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிள்ளான் கடை கீழே போகும். தங்கை மகன் பூச்சோங்கில் இருந்து தேடிப் பார்த்து ‘மாமா, உங்க கடை வரவே இல்ல’ என்றால் அது அப்டேட்டுக்குச் சாட்சி ஆகாது. மறைநிலையில் தேடினாலும் இடம் மறைவதில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே சொல்லை, மாதம் ஒரு முறை தேடிக் குறித்து வைத்தால்தான் அந்தக் குறிப்புக்கு மதிப்பு.

உண்மையாகவே விழுந்திருந்தால்

பஞ்சாங்கம் ஒத்துவரவில்லை, தளம் சரியாக இருக்கிறது, கிளிக்கும் அழைப்பும் சேர்ந்து விழுந்துவிட்டன, டாஷ்போர்டிலும் அப்டேட் இருக்கிறது என்றால், அப்போதும் அது முடியும்வரை கைவைக்காதீர்கள். முடிந்தபின் முழுதாக ஒரு வாரம் விட்டு, அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடச் சொல்கிறது கூகுள். 2ஆம் இடத்திலிருந்து 4க்கு இறங்கினால் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம், 4இலிருந்து 29க்குப் போனால் ஆழமாகப் பார் என்பதும் அதன் அறிவுரைதான். இது நல்ல அறிவுரை. ஆனால் எப்போதும் சாத்தியப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் 5இல் ஒன்று முடிந்து, ஒரே வாரத்தில் 12ஆம் தேதி அடுத்தது தொடங்கிவிட்டது, பின்னாலேயே மார்கழி. அந்தப் பருவத்தில் கல்யாணத் தொழிலில் இருந்த ஒருவரிடம் இன்ன அப்டேட்தான் காரணம் என்று உறுதியாகச் சொன்னவர் எவரும் தெரியாததைத்தான் சொன்னார். தை பிறக்கும்வரை காத்திருந்து, முந்தைய தையோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

காத்திருக்கும் நாட்களில் பதற்றத்தில் செய்யும் வேலைகள்தான் அதிகச் சேதம் செய்கின்றன. பழைய தீபாவளிப் பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். அந்த முகவரி சேர்த்து வைத்திருந்த மதிப்பெல்லாம் போய்விடும். ஆண்டுதோறும் ஒரே முகவரியில் விலையையும் படத்தையும் மட்டும் புதுப்பிப்பதே சரி. இன்னும் சிலர் பிற தளங்களிலிருந்து விலைக்கு இணைப்புகள் வாங்குவார்கள். 2012 ஏப்ரலில் வந்த ‘பெங்குவின்’ அப்படிப்பட்ட தளங்களைத்தான் குறிவைத்தது. ஒரே வாரத்தில் பத்து மாற்றம் செய்தால், பிறகு ஏறினாலும் விழுந்தாலும் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நேர்மையாக நடத்தப்பட்ட சிறுதளங்களும் அடிபட்டிருக்கின்றன. 2023 செப்டம்பர் அப்டேட்டில் பல சிறுதளங்கள் பெரும் சரிவைக் கண்டன. அவர்களில் சிலரை 2024 அக்டோபரில் கூகுள் தன் தலைமையகத்துக்கே அழைத்துப் பேசியது. அப்படிப்பட்ட அடி உங்களுக்கு விழுந்தால் அதற்கு விரைவான மருந்து கிடையாது. மீட்சிக்கு மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் செய்யத்தக்கது, வாடிக்கையாளர் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் பக்கத்தில் போடுவது. மாலை ஜோடி எவ்வளவு, ஷா ஆலம் மண்டபத்துக்குக் கொண்டுவந்து தருவீர்களா, எத்தனை மணிக்கு வரும், முன்பணம் எவ்வளவு என்பவற்றுக்கு உங்கள் சொந்தப் படங்களோடும் உண்மையான விலையோடும் பதில் எழுதுங்கள். நம் ஊரில் இதே கேள்வியை மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் தேடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மீட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம், எந்தப் பக்கம், எந்தத் தேடல் சொல்லுக்கு, எந்தத் தேதியிலிருந்து விழுந்தது, எந்த அப்டேட் என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் சர்ச் கன்சோலைப் பார்க்காமலேயே அவர் பேசுகிறார் என்றால் அவரிடம் இருப்பது யூகம்தான்; ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம். பார்த்துவிட்டு எழுதித் தந்தால், இந்த அத்தியாயத்தில் சொன்ன தேதிகளோடு ஒத்துப் பார்த்து மேலே பேசுங்கள். அதோடு சர்ச் கன்சோலிலும் கூகுள் வணிகக் கணக்கிலும் உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள். பழைய ஏஜென்சியின் மின்னஞ்சல் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். ஏஜென்சி நிர்வாகியாக மட்டும் இருந்தால் போதும். வணிகக் கணக்கில் புதிதாகச் சேரும் உரிமையாளருக்கு எல்லா அதிகாரமும் கிடைக்க 7 நாள் ஆகும் என்பதால் தீபாவளிக்கு முந்தின வாரம்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.